இனாமா, குத்தகையா?

ஒரு நகரசபைக்குச் சொந்தமான கிடங்கு ஒன்று உபயோகமின்றிப் பூட்டிக் கிடக்கிறது. அதே நகரத்தில், லாப நோக்கம் இல்லாத தர்ம ஸ்தாபனம் ஒன்று, வர்த்தகர்களிடமும் விவசாயிகளிடமும் மிஞ்சிய உணவுப் பண்டங்களைப் பெற்று ஏழைகளுக்கு வழங்குவதற்கு முன்வந்து, அவற்றைச் சேகரித்து வைக்க இடமின்றித் தவிக்கிறது. அந்தக் கிடங்கை அந்த ஸ்தாபனத்துக்குச் சொற்ப வாடகைக்கு விடலாமா? இளகிய நெஞ்சமுடையவர்கள், "பசித்தவனுக்குச் சோறு போடுகிற காரியத்தில் யோசனை எதற்கு?" என்பார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள், "ஊரார் சொத்தை ஒரு சங்கத்துக்குத் தாரை வார்க்க நகரசபை அங்கத்தினர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" என்பார்கள். ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களில் அடிக்கடி எழும் இந்த வாதத்தில் இரு கட்சியாரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு கட்சியாரும் மறந்துவிடும் மூன்றாம் கட்சிக்காரன் ஒருவன் இருக்கிறான். பசித்த பிரஜையே அவன். அவனுடைய உரிமை என்ன என்பதை முன்வைத்து இந்த விஷயத்தை ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

"உணவு வங்கி" என்ற பெயர் நமது நேயர்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அதன் பிறப்பிடம் அரிஜோனா ராஜ்யத்திலுள்ள பீனிக்ஸ் நகரம். பிறந்த வருஷம் 1967. ஜான் வான் ஹெங்கல் என்பவர் அங்கே ஏழைகளுக்கான அன்னசாலை ஒன்றில் ஊதியமின்றித் தொண்டு செய்துவந்தார். மளிகைக் கடைகள் குப்பையில் எறிந்த நல்ல பண்டங்களைப் பொறுக்கித் தன் குழந்தைகளைப் போஷித்துவந்த ஒரு தாய், பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பதுபோல் உணவைப் போட்டு எடுக்கவும் ஓர் இடம் இருந்தால் நலமாயிருக்குமே என்று அவரிடம் சொன்னாள் என்பது அந்த இயக்கத்தார் வழங்கிவரும் வரலாறு. செயின்ட் மேரி தேவாலயத்தார், கைவிடப்பட்டுக் கிடந்த ரொட்டிக்கடைக் கட்டிடம் ஒன்றையும் 3,000 டாலரையும் அவரிடம் கொடுத்தனர். முதல் வருஷத்தில் மாத்திரம் சுமார் 2,75,000 ராத்தல் உணவு அங்கிருந்து விநியோகமாயிற்று. பிற நகரங்களும் அந்த வழியைப் பின்பற்றின. 1979-ல் அவற்றை ஒன்றுசேர்க்கும் தேசிய ஸ்தாபனம் தோன்றியது. 2008-ல் அது 'ஃபீடிங் அமெரிக்கா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று சுமார் 200 உணவு வங்கிகள் அதில் அடக்கம்.

இந்த வங்கியின் வேலை நமது அன்னசத்திரத்தின் வேலையன்று. மொத்த வியாபாரியின் வேலையை ஒத்தது. பெரும்பாலும் அது தானே பந்தி வைத்துப் பரிமாறுவதில்லை. உற்பத்தியாளர்கள், பெருங்கடைகள், பண்ணைகள் ஆகியவற்றிலிருந்து உபரிப் பண்டங்களையும், விவசாய இலாகா வாங்கியனுப்பும் சரக்குகளையும் லாரி லாரியாகப் பெற்று, கெட்டதைக் கழித்து, நல்லதைத் தரம் பிரித்து, நூற்றுக்கணக்கான சிறு அன்னசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புகிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவினால் பின்னர் ஏதேனும் கெடுதல் நேர்ந்தாலும், பெருத்த அஜாக்கிரதை இல்லாதவரையில் கொடுத்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. அதனால் கொடுப்போரின் அச்சம் நீங்கிற்று. உணவு வந்து குவிகிறது. ஆனால் உணவு இலவசமாக வந்தாலும் இடம் இலவசமாக வருவதில்லை. பாலும் காய்கறியும் மாமிசமும் காத்திருக்கமாட்டா. லாரி நிற்க இடம் வேண்டும். குளிர்ப்பதன அறை வேண்டும். நகரத்தின் நடுவே, நெடுஞ்சாலைக்கு அருகே, பெருங்கிடங்கு வேண்டும். அத்தகைய இடத்துக்கு வர்த்தகக் கம்பெனிகள் கொடுக்கும் வாடகையை ஒரு தர்ம ஸ்தாபனம் கொடுக்கப் புகுந்தால், சோற்றுக்கு வந்த பணம் சுவருக்குப் போய்விடும். ஆகவேதான் நகரசபையின் கதவை அது தட்டுகிறது.

பீனிக்ஸ் தேவாலயத்தார் ரொட்டிக்கடையைக் கொடுத்தபோது யாரும் ஆக்ஷேபிக்கவில்லை. ஆக்ஷேபிக்க யாருக்கும் உரிமையும் இல்லை. அவர்கள் தங்கள் சொத்தைக் கொடுத்தார்கள். நகரசபையின் நிலைமை வேறு. நகரசபைக்கென்று சொத்து ஏது? நகரத்து ஜனங்களின் சொத்தை அது தர்மகர்த்தா ஸ்தானத்திலிருந்து பரிபாலிக்கிறது. தன் சட்டையைக் கழற்றிப் பிறனுக்குக் கொடுப்பவன் வள்ளல். தன்னிடம் காவலுக்கு வைத்த சட்டையைக் கொடுப்பவன், எவ்வளவு நல்லவனுக்குக் கொடுத்தாலும், பதில் சொல்லக் கடமைப்பட்டவன். கணக்குப் பார்க்கிறவர்களின் வாதத்துக்கு இதுவே ஆதாரம். இந்த வாதத்தைக் கருமிகளின் கூச்சலென்று தள்ளிவிடுவது தவறு; அதன் பின்னால் கசப்பான சரித்திரம் ஒன்று இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவெங்கும் ரயில் பாதைகள் பரவிய காலத்தில், "உங்கள் ஊர் வழியாக ரயில் வரும், வியாபாரம் பெருகும்" என்று ஆசை காட்டிக் கம்பெனிகள் நகரசபைகளிடமிருந்து பணமும் நிலமும் கடன் பத்திரங்களும் பெற்றன. பல ஊர்களுக்கு ரயில் வரவில்லை. கம்பெனிகள் திவாலாயின, கடனை ஜனங்கள் வரியாகச் செலுத்தித் தீர்த்தார்கள். சூடுகண்ட பூனைகளான ராஜ்யங்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் அரசியல் சட்டங்களில் ஒரு தடையை எழுதிவைத்தன. பொதுச் சொத்தை எந்தத் தனி மனிதருக்கோ, சங்கத்துக்கோ, கம்பெனிக்கோ இனாமாகக் கொடுக்கக்கூடாதென்பது அதன் சாரம். 1912-ல் ராஜ்ய அந்தஸ்துப் பெற்ற அரிஜோனாவின் அரசியல் சட்டத்திலும் ஒன்பதாவது அத்தியாயத்தின் ஏழாவது பிரிவாக இந்தத் தடை இருக்கிறது. உணவு வங்கி பிறந்த மண்ணிலேயே இனாம் தடையும் கண்டிப்பாக அமலில் இருப்பது கவனிக்கத்தக்கது.

எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இரண்டு வழக்குகளைக் குறிப்பிடுவோம். பீனிக்ஸ் நகரசபை ஒரு பெரிய கடைத்தெருவைக் கட்டிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, வண்டி நிறுத்தும் இடங்களைப் பொது உபயோகத்துக்கு விடுவதற்காக 9 கோடியே 74 லட்சம் டாலர் வரையில் கொடுக்க இசைந்தது. 2010-ல் அரிஜோனா ஸுப்ரீம் கோர்ட்டு இதைப் பரிசீலித்து ஒரு தெளிவான விதியைக் கூறிற்று. நகரசபை கொடுப்பதற்கு ஈடாக எதிர்க்கட்சி என்ன செய்வதாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதையே பார்க்கவேண்டும். வியாபாரம் பெருகும், வரி வரும் என்ற நம்பிக்கைகளைப் பிரதிபலனாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதே அது. 2021-ல் வந்த மற்றொரு வழக்கில், பியோரியா நகரசபை ஒரு தனியார் சர்வகலாசாலை தன் ஊரில் கிளை தொடங்குவதற்காக அதற்கும் அதன் கட்டிடச் சொந்தக்காரருக்கும் சுமார் 26 லட்சம் டாலர் வரையில் கொடுக்க ஒப்பியிருந்தது செல்லாதென்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒருவன் தன் சொந்தத் தொழிலைத் தான் நடத்துவதாகச் சொல்வது ஊருக்குக் கொடுக்கும் பிரதிபலன் ஆகாது என்பதே அதன் சாரம்.

இந்த விதியை உணவு வங்கிக்குப் பொருத்திப் பார்ப்போம். "நாங்கள் நல்ல காரியம் செய்கிறோம், ஆகவே கிடங்கைக் கொடுங்கள்" என்று ஒரு ஸ்தாபனம் கேட்டால், அது வெறும் இனாம் மனுவே. "இன்ன கிடங்குக்கு ஈடாக, வருஷத்துக்கு இத்தனை ராத்தல் உணவை, இன்ன பேட்டைகளில், இன்ன விதமாக, யாரையும் விலக்காமல் வழங்குவதாகக் கட்டுப்படுகிறோம், தவறினால் கிடங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்டால், அது குத்தகை. வாடகை ஒரு டாலராக இருக்கலாம். அந்த ஒரு டாலருக்கு மேல் ஊரார் பெறும் மிச்ச வாடகை சோறாக வருகிறது. சோறாக வருகிற வாடகையை எடைபோட முடியும். கணக்குக் கேட்க முடியும். இனாமுக்கும் குத்தகைக்கும் உள்ள பேதம் தொகையில் இல்லை. கேள்வி கேட்கும் உரிமையில் இருக்கிறது.

எல்லா ராஜ்யங்களும் அரிஜோனாவைப்போல் இல்லை. 1889-ல் இயற்றப்பட்ட வாஷிங்டன் ராஜ்யத்தின் அரசியல் சட்டம், நகரசபைகள் பணத்தையோ சொத்தையோ யாருக்கும் கொடுக்கக்கூடாதென்று தடுத்துவிட்டு, ஏழைகளையும் நலிந்தோரையும் அவசியமான அளவுக்கு ஆதரிப்பதற்கு மாத்திரம் விலக்கு அளித்திருக்கிறது. கம்பெனிக்கு அடைத்த கதவை ஏழைக்குத் திறந்துவைத்த அந்தச் சட்டகர்த்தாக்களின் விவேகம் போற்றத்தக்கது. நியூயார்க் ராஜ்யம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பெரும் பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து ரொட்டிக்கு வரிசையில் நின்ற அநுபவத்துக்குப் பிறகு, 1938-ல் அது தன் அரசியல் சட்டத்தில் பதினேழாவது அத்தியாயத்தைச் சேர்த்தது. வறியவர்களுக்கு உதவியும் பராமரிப்பும் அளிப்பது பொது விஷயம் என்றும், சட்டசபை நிர்ணயிக்கும் வகையில் ராஜ்யமும் அதன் உட்பிரிவுகளும் அதை அளிக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. தயவைப்பற்றிய பேச்சு அங்கே இல்லை. கடமையைப்பற்றிய பேச்சே இருக்கிறது.

இங்கிலாந்தில் இதே பிரச்னையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். 1972-ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி, கவுன்சில்கள் தங்கள் நிலத்தைப் பெறக்கூடிய மிக நல்ல விலைக்குக் குறைவாக மந்திரியின் சம்மதமின்றிக் கைமாற்றக்கூடாது. ஏழு வருஷத்துக்கு மேற்படாத குத்தகைகளுக்கு மாத்திரம் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2003-ல் வெளியான பொதுச் சம்மத உத்தரவு, ஜனங்களின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலனுக்கு உதவுமானால், 20 லட்சம் பவுன் வரையில் விலையைக் குறைத்துக் கொடுக்க அநுமதிக்கிறது. சட்டங்கள் வெவ்வேறானாலும் அவற்றின் உட்கருத்து ஒன்றே. பொதுச் சொத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். எதற்காகக் குறைத்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே கொடுக்கவேண்டும்.

இனி நியூயார்க் நகரத்துக்கு வருவோம். அந்நகரத்தின் வடபாகமான பிராங்க்ஸ் பேட்டையில், ஹண்ட்ஸ் பாயிண்ட் என்ற நதிக்கரை முனையில், நகரத்துக்கு உடைமையான 329 ஏக்கர் நிலத்தில், அமெரிக்காவின் மாபெரும் உணவுச் சந்தைகளுள் ஒன்று நடைபெறுகிறது. 1967-ல் கனி காய்கறிச் சந்தை மன்ஹாட்டனிலிருந்து அங்கே குடியேறிற்று. 1974-ல் இறைச்சிச் சந்தை ஏற்பட்டது. 2005-ல் பழைய மீன் சந்தையும் அங்கே சென்றது. அதே நிலத்தில், இறைச்சிச் சந்தை வளாகத்துக்குள், 1983-ல் ஸ்தாபிக்கப்பட்ட நியூயார்க் நகர உணவு வங்கியின் கிடங்கு சுமார் 90,000 சதுர அடியில் அமைந்திருக்கிறது. மொத்த வியாபாரிக்கு இடங்கொடுத்த ஊர் நிலமே மிச்சத்தைச் சேகரிப்பவர்களுக்கும் இடங்கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டில் விவேகம் உண்டு. விற்காத சரக்கு குப்பை வண்டிக்குப் போகும் முன் எதிர்க்கிடங்குக்குப் போகலாம்.

ஆனால் அந்தப் படத்தின் மற்றொரு பாகத்தையும் நேயர்கள் காணவேண்டும். நியூயார்க்கின் ஐந்து பேட்டைகளிலும் ஏழ்மை மிகுந்தது பிராங்க்ஸ். அதன் தென்பாகம் அடங்கிய காங்கிரஸ் தொகுதி, அமெரிக்கா முழுவதிலும் குடும்ப வருமானம் மிகக் குறைந்த தொகுதிகளில் ஒன்று. கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள உணவு இரவெல்லாம் லாரிகளில் அவர்கள் வாசல் வழியாகச் செல்கிறது. அதன் புகையை அவர்கள் சுவாசிக்கிறார்கள். அதன் இரைச்சலில் அவர்கள் குழந்தைகள் உறங்குகின்றன. அந்த நிலமோ நகரத்தின் நிலம். அதாவது அவர்களுக்கும் பாத்தியதையுள்ள நிலம். சந்தை வாசலிலே பசித்திருப்பவன் அந்தச் சந்தை மனையின் பங்காளி!

பசித்த பிரஜையே மூன்றாம் கட்சிக்காரன் என்று நாம் தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுவே. தனியார் சத்திரத்தில் உண்பவன் விருந்தாளி. அங்கே அவன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். நகரத்துக் கிடங்கிலிருந்து உணவு பெறுகிறவன் தன் சொத்தின் வருமானத்தில் ஒரு பாகத்தைப் பெறுகிறான். ரொட்டி வாங்கும்போதும் துணி வாங்கும்போதும் குடிக்கூலி கொடுக்கும்போதும் நேராகவோ மறைவாகவோ அவனும் வரி செலுத்தியிருக்கிறான். ஆகவே அவனை வரிசையில் நிறுத்தி வைத்துக் குலம் கோத்திரம் விசாரிப்பதற்கும், பிரசங்கம் கேட்டால்தான் பை கிடைக்கும் என்பதற்கும், புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கும் குத்தகைதாரருக்கு அதிகாரம் கிடையாது. சொந்தக்காரனை அவனுடைய வீட்டிலேயே அவமதிக்க எந்தக் குத்தகைதாரருக்கும் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

இனி, இரண்டாவது ஆக்ஷேபத்தை எடுத்துக்கொள்வோம். நகரசபையும் சர்க்காரும் கிடங்கைக் கொடுத்துவிட்டுத் தங்கள் கடமை தீர்ந்ததென்று கையைக் கழுவிவிடும் என்பதே அந்த ஆக்ஷேபம். கணக்குப் பார்க்கிறவர்களின் கேள்வியைவிட இது ஆழமானது. பசித்தவனுக்கு உண்மையில் துணை நிற்பவர்களிடமிருந்து வருவது.

இதற்கும் சரித்திரம் சான்று பகர்கிறது. 1981-ல் அமெரிக்க மத்திய சர்க்காரின் களஞ்சியங்களில், விலை விழாமலிருக்க வாங்கிச் சேர்த்த பாற்கட்டி மலைபோல் குவிந்து பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிற்று. அவ்வருஷம் டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் அதில் 3 கோடி ராத்தலை ஏழைகளுக்கு விநியோகிக்க உத்தரவிட்டார். அதே காலத்தில்தான் வறியவர்களுக்கான சர்க்கார் உதவிகள் குறைக்கப்பட்டன. 1983-ல் உபரிச் சரக்கை விநியோகிக்கும் முறைக்குத் தற்காலிக அவசர உணவு உதவி என்று பெயரிட்டுச் சட்டம் செய்தார்கள். 1990-ல் அந்தப் பெயரிலிருந்து "தற்காலிக" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்! அவசரம் நிரந்தரமாயிற்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. பஞ்ச காலத்துக்கென்று போட்ட கொட்டகை நாளடைவில் கல்கட்டிடமாகிவிட்ட கதை இது.

சமீபத்திய நிகழ்ச்சிகளையும் கவனியுங்கள். அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்குப்படி, 2023-ல் நூற்றுக்கு 13.5 குடும்பங்கள், அதாவது 4 கோடியே 74 லட்சம் ஜனங்கள், போதிய உணவுக்கு உறுதியின்றி வாழ்ந்தனர். 2025 ஜூலை 4-ல் கையொப்பமான சட்டத்தினால், ஏழைகள் கடையில் உணவு வாங்க மத்திய சர்க்கார் அளிக்கும் உதவியில் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 18,600 கோடி டாலர் குறையுமென்று காங்கிரஸின் வரவு செலவு அலுவலகமே மதிப்பிட்டது. அதே வருஷம் செப்டம்பரில், பசியை அளந்துவந்த வருஷாந்தரக் கணக்கெடுப்பையே இனி நடத்துவதில்லை என்று விவசாய இலாகா அறிவித்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரையில் மத்திய சர்க்காரின் அலுவல்கள் முடங்கிக் கிடந்தபோது, சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் பெற்றுவந்த அந்த உதவி நவம்பர் மாதத்தில் தடைப்பட்டது. உணவு வங்கிகளின் வாசலில் கூட்டம் பெருகிற்று. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை உடைத்துவிட்டு, வைத்தியனுக்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கஷாயம் போடச் சொல்வதுபோன்றது இந்த ராஜதந்திரம்.

பக்கத்து வீட்டுக்காரரின் கஷாயம் எவ்வளவு தூரம் போதும்? ஃபீடிங் அமெரிக்கா ஸ்தாபனத்தாரே அடக்கத்தோடு ஒரு கணக்கைச் சொல்லிவருகிறார்கள். தங்கள் வங்கிகள் ஒரு வேளை உணவு அளிக்குமிடத்தில், சர்க்காரின் உணவு உதவி ஒன்பது வேளை அளிக்கிறது என்பதே அந்தக் கணக்கு. ஒன்பதில் ஒன்று குறைந்தாலே வங்கி தன் வேலையை இரட்டிக்கவேண்டும். எந்தக் கிடங்கும், எந்தக் குத்தகையும், எவ்வளவு பேர் தொண்டு செய்தாலும், அந்த ஒன்பதை ஈடுசெய்ய இயலாது. ஆகவே, நகரசபை மண்டபத்தில் கிடங்குக் குத்தகைக்குக் கைதூக்கிவிட்டு, மறுநாள் ஏழைகளின் உதவியைக் குறைக்கும் பிரேரணைக்கும் கைதூக்குகிற அங்கத்தினர், வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் ஒன்பது மடங்காகப் பிடுங்குகிறவர் ஆகிறார்.

அப்படியானால் குத்தகையே கூடாதென்று சொல்வதா? அது நமது அபிப்பிராயமன்று. சர்க்கார் தன் கடமையைச் செய்யும் வரையில் பசியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இன்று இரவு வரும் பாலும் ரொட்டியும் அழுகுமுன் யாரேனும் வாங்கி வைக்கத்தான் வேண்டும். பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டிடத்தால் யாருக்கும் லாபமில்லை. குத்தகை கொடுக்கவே வேண்டும். ஆனால் அது குத்தகையாகவே இருக்கவேண்டும், இனாமாக மாறிவிடக்கூடாது. அதற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை.

முதலாவது, குத்தகை நகரசபையின் பகிரங்கக் கூட்டத்தில் விவாதிக்கப்படவேண்டும். அந்த இடத்தின் சந்தை வாடகை எவ்வளவு, ஊரார் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பது எழுத்து மூலமாக வெளியிடப்படவேண்டும். இரண்டாவது, அதற்கு ஈடாக ஸ்தாபனம் செய்யவேண்டிய வேலை பத்திரத்திலேயே குறிக்கப்படவேண்டும். மூன்றாவது, வருஷந்தோறும் வந்த சரக்கு, போன சரக்கு, கெட்டுப்போன சரக்கு, நிர்வாகிகளின் சம்பளம் ஆகிய கணக்கு ஜனங்கள் முன் வைக்கப்படவேண்டும். நான்காவது, மதம், நிறம், பிறந்த தேசம் ஆகிய எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் திருப்பியனுப்பக்கூடாது. ஐந்தாவது, உள்குத்தகைக்கு விடவோ வேறு காரியத்துக்குத் திருப்பவோ கூடாது. திருப்பினால் கட்டிடம் நகரத்துக்கே மீளவேண்டும். ஆறாவது, உணவு பெறுகிறவர்களில் சிலருக்கு நிர்வாகத்தில் இடம் இருக்கவேண்டும். சொத்தின் பங்காளிக்குக் கூட்டத்தில் ஓர் ஆசனமாவது வேண்டாமா?

ஏழாவது நிபந்தனை காலத்தைப்பற்றியது. கலிபோர்னியா ராஜ்யத்தில் நகரசபை தன் சொத்தைப் பொதுவாக 55 வருஷம் வரையில் குத்தகைக்கு விடலாம். குளிர்ப்பதன அறைக்குப் பெரும் பணம் போடுகிற ஸ்தாபனத்துக்கு நீண்ட காலம் வேண்டும் என்பது உண்மையே. நாளை வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சத்தோடு யாரும் இயந்திரம் பூட்டமாட்டார்கள். ஆயினும் உணவு வங்கிக்கு 55 வருஷக் குத்தகை எழுதும் நகரம், தன் பேரப்பிள்ளைகளும் பசித்திருப்பார்கள் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுப்பதாகாதா? இங்கிலாந்துச் சட்டத்தின் ஏழு வருஷமே நமக்கு நியாயமான அளவாகத் தோன்றுகிறது. வேலை திருப்தியானால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும், "ஏழு வருஷத்துக்குப் பிறகும் இந்தக் கிடங்கு ஏன் தேவைப்படுகிறது?" என்று நகரசபை தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, அதற்கு எழுத்து மூலமான பதிலையும் வெளியிடவேண்டும். அந்தப் பதில் ஸ்தாபனத்தின் தோல்வியைக் காட்டாது. சர்க்காரின் தோல்வியைக் காட்டும்.

தூரதேசத்து விவகாரம் நமக்கு எதற்கென்று சிலர் கேட்கலாம். இனாம் என்ற சொல்லின் சுகதுக்கங்களை நம்மைவிட அறிந்தவர் யார்? அன்னதானத்துக்கும் சத்திரத்துக்கும் விடப்பட்ட நிலங்களின் வருமானம் பல இடங்களில் தனிப்பட்டவர்களின் சுகத்துக்குச் செலவாகிறது என்று கண்டுதான், 1817-ல் சென்னை ராஜதானியில் ஏழாவது ரெகுலேஷன் இயற்றப்பட்டு ரெவினியூ போர்டாரின் மேற்பார்வை ஏற்பட்டது. தானம் செய்தவன் நல்லவன், நோக்கம் நல்லது, கணக்குக் கேட்பவன் இல்லாததால் சோறு மறைந்தது. நமது நகரசபைகளின் சரித்திரத்தில் மற்றொரு பாடமும் உண்டு. 1920-ல் சென்னைக் கார்ப்பொரேஷன், ஸர் பி. தியாகராய செட்டியாரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. அந்நிய சர்க்காரின் ஆக்ஷேபத்தினால் சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. ஆனால் ஊர்ப் பணத்தில் ஊர்ப் பிள்ளைக்குச் சோறு போடுவது ஊரின் கடமை என்ற எண்ணம் நிற்கவில்லை. பின்னாளில் ராஜ்யம் முழுவதும் பரவிற்று. 2013-ல் இந்தியப் பார்லிமெண்டு இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான உரிமையாக்கிற்று. உரிமை ஒரு பக்கம் நிலைத்திருந்தால்தான் தர்மம் மறுபக்கம் அழகாக இருக்கும்.

நமது முடிவைச் சுருக்கிக் கூறுவோம். நகரசபைகள் தங்கள் கட்டிடங்களை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கட்டும். ஒரு டாலருக்கே கொடுக்கட்டும். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது கணக்கேட்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பத்திரத்தில் முடிவு தேதியையும் எழுதட்டும். அந்தத் தேதி வருமுன் அந்தக் கிடங்கின் தேவையே இல்லாமற்போகச் செய்வது தங்கள் வேலை என்பதை அங்கத்தினர்கள் மறக்காதிருக்கட்டும். வாசலில் பையோடு வந்து நிற்கும் மனிதன் அவர்களிடம் பிச்சைக்கு வரவில்லை. தன் சொத்தை அவர்கள் எப்படிப் பரிபாலிக்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்லக் கூசாத நகரசபையே ஜனங்களின் நகரசபை என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுடையது.